வேர்டு கோப்புகளிலிருந்து உள்ளடக்க மேலாண்மை மென்பொருளுக்கு: பம்புக் கையேட்டை எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது?

பம்புக்கையேடு:
வணக்கம். நீர்மூழ்கி மோட்டார் பம்புகளின் நிறுவல், பராமரிப்புக் கையேடுகள் பற்றிய கேள்வி. 40 மாடல், ஆங்கிலம், தமிழ், இந்தி என 3 மொழி, ஆக 120 வேர்டு கோப்புகள். எழுதுபவர்கள் 4 பேர். எர்த் வயர் எச்சரிக்கையில் ஒரு சொல் மாறினாலும் 120 கோப்பையும் திறக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை எழுதிப் பல கையேடுகளில் பயன்படுத்தும் கூறுகளாகச் சேமிக்கும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருளுக்கு மாறலாம் என்று யோசனை. எங்கிருந்து தொடங்குவது? டிட்டா (கையேடுகளைக் கூறுகளாக எழுதும் தரம்) வேண்டுமா, மார்க்டவுனும் (எளிய குறிகளோடு எழுதும் உரை வடிவம்) கிட்டும் (கோப்புகளின் மாற்ற வரலாற்றை வைக்கும் மென்பொருள்) போதுமா? எவ்வளவு சிறிய துண்டாக வெட்ட வேண்டும்? விற்பனைப் பேச்சு இல்லாமல், வேலை தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குறிச்சொல்:
மென்பொருளைக் கடைசியில் பாருங்கள் நண்பரே. இப்போதைக்கு ஒரு விரிதாள் போதும்.

5 மாடல்களை எடுங்கள்: ஒரே குடும்பத்தில் 3, வேறு குடும்பத்தில் 2. இடது ஓரத்தில் எல்லாத் தலைப்புகளையும் எழுதுங்கள்: மோட்டாரில் தண்ணீர் நிரப்புதல், கேபிள் ஜாயின்ட் போடுதல், பம்பை போர்வெல்லில் இறக்குதல், சுழலும் திசை பார்த்தல் என்று. மேலே மாடல்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: ‘ஒன்றே’, ‘ஏறத்தாழ ஒன்று’, ‘வேறு’.

‘ஏறத்தாழ ஒன்று’ என்று விழும் கட்டங்களில்தான் உங்கள் மொத்த வேலையும் இருக்கிறது. அவற்றைச் சொல்லுக்குச் சொல் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தண்ணீர் நிரப்பும் இடத்தில் ஒரு கையேடு ‘சுத்தமான தண்ணீர்’ என்று சொல்லும், இன்னொன்று ‘நல்ல தண்ணீர்’ என்று சொல்லும், மூன்றாவது ‘குடிநீர்’ என்று சொல்லும். மோட்டார் வேறு என்பதால் வந்த வேறுபாடா, எழுதியவர் வேறு என்பதால் வந்ததா? இதை எழுத்தாளர் முடிவு செய்யக்கூடாது, வடிவமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். இதை முடிக்காமல் மென்பொருள் வாங்கினால் மூன்று வாக்கியங்களும் மூன்று தனிக் கூறுகளாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வேர்டில் இருந்த குப்பை விலை உயர்ந்த அலமாரிக்கு இடம் மாறியதுதான் மிச்சம்.

டிட்டா பற்றி: ஐபிஎம்மில் உருவாகி, தரங்களை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பின் கைக்கு வந்த எக்ஸ்எம்எல் (உள்ளடக்கத்தைக் குறிச்சொற்களால் குறிக்கும் வடிவம்) தரம் அது. 1.0 பதிப்பு 2005-ல், 1.3 பதிப்பு 2015-ல் வந்தது. உள்ளடக்கத்தைத் தலைப்புகளாக, அதாவது ஒரே விஷயத்தைச் சொல்லும் தனித் துண்டுகளாக, பிரிக்கிறது. விளக்கத்துக்கு கான்செப்ட், செய்முறைக்கு டாஸ்க், அட்டவணைத் தகவலுக்கு ரெஃபரன்ஸ். 1.3-ல் பழுது நீக்கலுக்கென்றே தனி வகை வந்தது. பம்புக் கையேட்டுக்கு அது மிகவும் பொருந்தும், ஏனென்றால் அதன் அமைப்பே நிலை, காரணம், தீர்வு என்றுதான் போகிறது.

டாஸ்க் வகை எழுத்தாளரைக் கட்டிப்போடுகிறது. அதுதான் அதன் பலன். தண்ணீர் நிரப்புதலையே பாருங்கள். வேர்டில் ஒரே பத்தியாக இருக்கும்: ‘மோட்டாரை நிமிர்த்தி வைத்து, மேலுள்ள இரு பிளக்குகளையும் கழற்றி, சுத்தமான தண்ணீரை நிரப்பி, காற்றுக் குமிழி நின்றதும் மூடவும், கசிவு இருந்தால் வாஷரை மாற்றவும்.’ டாஸ்க்கில் இது பிரிந்துவிடும். மோட்டார் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது முன்தேவை. பிளக்கைக் கழற்றுவது ஒரு படி. நிரப்புவது ஒரு படி. குமிழி நிற்பது அந்தப் படியின் விளைவு. மூடுவது அடுத்த படி. கசிவு பழுது நீக்கலுக்குப் போகும். வெயிலில் போர்வெல் பக்கத்தில் நிற்கும் மெக்கானிக்குக்கு எந்தப் படியில் இருக்கிறோம் என்று உடனே தெரியும். ஒரு படிக்கு ஒரு கட்டளை, இதை மட்டும் விடாதீர்கள்.

கிட்டும்_கோப்பும்:
குறிச்சொல் சொல்வதில் விரிதாள் பகுதிக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் டிட்டாதான் ஒரே வழி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மென்பொருள் நிறுவனத்தில் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) ஆவணம் எழுதும் குழுவுக்கு கிட் வழிதான் வசதி. நிரலாளர்கள் எங்கே வேலை செய்கிறார்களோ அங்கேயே ஆவணமும் இருக்கும், ஒரே இழுப்புக் கோரிக்கையில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் வேண்டுகோள்) நிரலும் ஆவணமும் சேர்ந்து சரிபார்க்கப்படும். வெறும் மார்க்டவுனை மட்டும் நம்பாதீர்கள். அதில் மறுபயன்பாட்டுக்கு எதுவும் கிடையாது, ஒவ்வொரு கருவியும் தன் போக்கில் ஒட்டுப்போட்டு வைத்திருக்கும். மார்க்டவுன் போன்ற இன்னொரு வடிவமான ஆஸ்கிடாக் எடுத்தால், வேறு கோப்பை உள்ளே இழுக்கும் இன்க்ளூட் கட்டளை உண்டு. ஒரு கோப்பின் நடுவில் குறி வைத்து அந்தப் பகுதியை மட்டும் இழுக்கலாம். தலைப்பு நிலையைக் கூட்டிக் குறைக்கலாம். மாறிகளும் (வெளியீட்டுக்கு ஏற்ப வேறு சொல் வந்து நிற்கும் இடங்கள்) நிபந்தனைகளும் (எந்த வெளியீட்டில் எது வர வேண்டும் என்ற குறிப்புகள்) உண்டு.

இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் அவசியம்: ஒரு வரிக்கு ஒரு வாக்கியம். கிட் மாற்றங்களை வரிக் கணக்கில் காட்டும். முழுப் பத்தியும் ஒரே வரியாக இருந்தால் ஒரு காற்புள்ளி மாறினாலும் பத்தி முழுவதும் மாறியதாகத் தெரியும். சரிபார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் அகப்படாது, இருவர் ஒரே பத்தியைத் தொட்டால் மோதலும் வரும்.

3 மொழி, 40 மாடல், நிரல் தெரியாத எழுத்தாளர்கள் என்றால் நானே டிட்டா பக்கம்தான் கை காட்டுவேன். எந்தக் கூறு எந்த மொழியில் பழையதாகிவிட்டது என்ற கணக்கை கிட்டில் வைத்துக்கொள்ள, தனி நிரல் எழுதிப் பராமரிக்க ஒரு ஆள் வேண்டும்.

பம்புக்கையேடு:
நன்றி. ஒரு சந்தேகம். சிங்கிள் ஃபேஸ், த்ரீ ஃபேஸ் இரண்டுக்கும் இணைப்பு முறை வேறு. சிங்கிள் ஃபேஸில் கண்ட்ரோல் பேனலும் கெப்பாசிட்டரும் வரும். த்ரீ ஃபேஸில் ஸ்டார்ட்டர் வரும், தலைகீழாகச் சுற்றினால் ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுக்க வேண்டும். இதை ஒரே தலைப்பில் நிபந்தனை போட்டு வைக்கலாமா, இரண்டு தலைப்பாகப் பிரிக்கலாமா?

குறிச்சொல்:
பிரியுங்கள். படிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிபந்தனை விழுந்தால் அதை ஒரே தலைப்பாக வைத்திருப்பதில் லாபம் இல்லை. இது தரத்தில் எழுதியிருக்கும் விதி அல்ல, என் அளவுகோல். திருத்துபவர் திரையில் இரண்டும் கலந்து நிற்கும், சிங்கிள் ஃபேஸ் படியைத் திருத்துவதாக நினைத்து த்ரீ ஃபேஸ் படியில் கை வைத்துவிடுவார். பொதுவான படிகள் நான்கைந்து இருந்தால் கிடங்குத் தலைப்பு (பொதுத் துண்டுகளை மட்டும் வைக்கும் கோப்பு) ஒன்றில் வைத்து கான்ரெஃப் (வேறு இடத்திலுள்ள துண்டை இழுக்கும் இணைப்பு) மூலம் இரண்டுக்கும் இழுத்துக்கொள்ளுங்கள்.

நிபந்தனை போடும் இடங்களில் பலர் சறுக்குவது, வெளியீட்டில் எதைச் சேர்க்க, எதை விலக்க என்று சொல்லும் ‘டிட்டாவால்’ என்ற கோப்பில். மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு படியில், எந்த மாடலுக்கு உரியது என்று குறிக்கும் புராடக்ட் பண்புக்கு இரண்டு மாடல் பெயர்கள் இருந்து, அவற்றில் ஒன்றை மட்டும் விலக்கச் சொன்னால் அந்தப் படி வெளியே போகாது. எல்லா மதிப்புகளும் விலக்கப்பட்டால்தான் போகும். ஆனால் புராடக்ட், ஆடியன்ஸ் (யாருக்கானது) என இரண்டு பண்புகள் இருந்தால் கணக்கு வேறு. ஏதாவது ஒரு பண்பு முழுவதுமாக விலக்கப்பட்டாலே போதும், படி போய்விடும். ‘நான் விலக்கியது ஏன் வருகிறது, விலக்காதது ஏன் காணோம்’ என்ற கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் அடங்கும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. டிட்டாவாலில் குறிப்பிடாத மதிப்பு எதுவானாலும் உள்ளே சேர்க்கப்படும். 41-வது மாடல் வருகிறது, அதற்கென ஒரு படி சேர்த்துப் புது மதிப்புக் கொடுக்கிறீர்கள். பழைய 40 டிட்டாவால் கோப்புகளுக்கும் அந்த மதிப்பு தெரியாது. 40 கையேட்டிலும் அந்தப் படி அச்சாகும். மின் இணைப்புப் படியாக இருந்தால் மோட்டார் எரியும், ஆளுக்கும் ஆபத்து. தீர்வு எளிது. புராடக்ட் பண்புக்கு, மதிப்பு எதுவும் கொடுக்காமல், இயல்பு நிலையே ‘விலக்கு’ என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு வேண்டிய மாடலை மட்டும் சேருங்கள். சப்ஜெக்ட் ஸ்கீம் வரைபடம் போட்டால், ஏற்கெனவே வரையறுத்த மதிப்புகளைத் தவிர வேறு எதையும் எழுத்தாளர் தட்டச்ச முடியாதபடி கட்டலாம்.

இன்னொன்று: கான்ரெஃப் எப்போதும் கிடங்குக் கோப்பிலிருந்துதான் வர வேண்டும். ஒரு மாடலின் கையேட்டிலிருந்து இன்னொரு மாடல் நேராக இழுக்கக்கூடாது. அந்த மாடல் உற்பத்தி நின்று கோப்பை யாராவது நீக்கினால் சம்பந்தமில்லாத கையேட்டில் எர்த் எச்சரிக்கை காணாமல் போகும். எச்சரிக்கைகளுக்கு டிட்டா 1.2 முதல் ஹசர்ட் ஸ்டேட்மென்ட் என்ற அமைப்பு இருக்கிறது. அபாயத்தின் வகை, விளைவு, தவிர்க்கும் வழி மூன்றும் தனித்தனிக் கட்டங்கள். உங்களுடைய எல்லா எச்சரிக்கைகளையும் அதில் போட்டு ஒரே கிடங்கில் வையுங்கள். எண்ணிப் பார்த்தால் 25-ஐத் தாண்டாது.

மொழிமேசை:
மொழிபெயர்ப்புப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இந்த இழையில் இதுவரை வராத, ஆனால் தமிழுக்கு முதலில் வர வேண்டிய விஷயம் இது.

வாக்கியத்துக்குள் மாறி வைக்காதீர்கள். ஆங்கிலத்தில் ‘இன்னதை அணைக்கவும்’ என்ற வாக்கியத்தில் பொருளின் பெயரை மட்டும் மாறியாக்கினால் எந்தப் பெயர் வந்தாலும் வாக்கியம் நிற்கும், பெயர் உருமாறாது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும், ஒட்டும்போது பெயரே மாறும். பம்பு, பம்பை. வடிகட்டி, வடிகட்டியை. இயந்திரம், இயந்திரத்தை. மாறிக்குப் பின்னால் ‘ஐ’ என்று எழுதிவைத்தால் அச்சில் ‘பம்புஐ அணைக்கவும்’, ‘இயந்திரம்ஐ அணைக்கவும்’ என்று வரும். ‘இல்’, ‘இலிருந்து’, ‘க்கு’ எல்லாவற்றிலும் இதே கதி. மொழிபெயர்ப்பாளரால் இதைத் திருத்தவும் முடியாது, மாறி அவர் கைக்கு ஒரு பூட்டிய கட்டமாகத்தான் வருகிறது.

வழி இரண்டு. மாறி வந்தே தீர வேண்டும் என்றால் அதற்குப் பின் ஒரு பொதுப்பெயரை நிறுத்தி உருபை அதன் மேல் ஏற்றுங்கள். மாடல் பெயர் மாறியாக இருக்கட்டும், ‘மாடல் பம்பை அணைக்கவும்’ என்பதில் ‘பம்பை’ நிலையாக இருக்கும். திரையில் வரும் பொத்தான் பெயருக்கும் அப்படித்தான்: ‘சேமி’ என்ற பொத்தானை அழுத்தவும். மாறி எழுவாய் வடிவத்திலேயே நிற்கும், இலக்கணம் உடையாது. இரண்டாவது வழி, மாறியே வேண்டாம், முழு வாக்கியத்தையோ முழுப் படியையோ கூறாக்குங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அரை வாக்கியத்தை மறுபயன்பாடு செய்து மிச்சமாகும் நேரத்தைப் போல பல மடங்கு மெய்ப்புப் பார்ப்பதில் போய்விடும். இந்திக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் உண்டு, பெயரின் பாலுக்கு ஏற்ப வினை மாறும்.

நிபந்தனையும் அப்படியே. ‘கண்ட்ரோல் பேனலை அல்லது ஸ்டார்ட்டரை இணைக்கவும்’ என்பதில் இரண்டு சொல்லுக்கும் தனித்தனி நிபந்தனை போட்டால் ஒரு வெளியீட்டில் ‘அல்லது’ மட்டும் தொங்கும். நிபந்தனை படி அளவிலோ பத்தி அளவிலோதான் இருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்புக்கு அனுப்பும்போது எக்ஸ்லிஃப் (மொழிபெயர்ப்புக்கான பரிமாற்ற வடிவம்) கோப்பாக, மாறிய தலைப்புகளை மட்டும் அனுப்புங்கள். கூறுமுறையில் பணம் மிச்சமாகும் இடம் இதுதான். ஆனால் ஆங்கில எழுத்தாளர் அழகுக்காக ஒரு சொல்லை மாற்றினாலும் மென்பொருள் அந்தத் தலைப்பை ‘மாறியது’ என்று குறிக்கும், 2 மொழிக்கும் செலவு வரும். அதனால் ஆங்கிலத்தை முதலிலேயே கட்டுப்படுத்துங்கள். விமானத் துறைக்காக உருவான எஸ்டிஇ 100 என்ற எளிய ஆங்கிலத் தரத்தில் செய்முறை வாக்கியத்துக்கு 20 சொல், விளக்க வாக்கியத்துக்கு 25 சொல் என்று உச்சவரம்பு இருக்கிறது. அந்த எண்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பெரிய வித்தியாசம் தெரியும்.

பழைய தமிழ்க் கோப்புகள் யூனிகோடில்தான் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் மாற்றி, பிறகு உள்ளே ஏற்றுங்கள். யூனிகோடாக இருந்தாலும் ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுதான், மொழிபெயர்ப்பு நினைவகத்துக்கு (முன்பு மொழிபெயர்த்த வாக்கியங்களின் சேமிப்பு) வேறு வேறு. 100 சதவீதம் பொருந்த வேண்டிய வாக்கியம் பொருந்தாமல் மறுபடி மொழிபெயர்ப்புக்கு வரும். எல்லாவற்றையும் என்எஃப்சி (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு ஒருமுறை இயல்பாக்கிவிட்டால் தீர்ந்தது. ‘ஔ’ எழுத்துக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் அடித்திருப்பது வேறு வகை. அதை என்எஃப்சி சரிசெய்யாது, தேடித்தான் மாற்ற வேண்டும்.

பக்கக்கட்டு:
வெளியீட்டுப் பக்கம் சுருக்கமாக. டிட்டா கோப்புகளை வெளியீடாக மாற்றும் டிட்டா ஓப்பன் டூல்கிட் இலவசம். முதலில் கான்ரெஃப், கீரெஃப் (பெயர் கொடுத்துச் சுட்டும் இணைப்பு), நிபந்தனை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு அப்புறம்தான் பிடிஎஃப், எச்டிஎம்எல் பக்கம் போகும். தோற்றத்தை மாற்ற வேண்டுமானால் தனி பிளக்இன் எழுதுங்கள். டூல்கிட்டின் உள்கோப்பில் கை வைத்தால் அடுத்த பதிப்புக்கு மாறும்போது எல்லாம் போய்விடும்.

தமிழ் பிடிஎஃப்பை அச்சுக்கு அனுப்பும் முன் சோதனைத் தலைப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கெ, கை, கொ, கௌ, க்ஷ, ஸ்ரீ எல்லாம் வரட்டும். தடித்த எழுத்திலும் அட்டவணைக்குள்ளும் தனித்தனியாக. ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் வடிவமைக்கும் இயந்திரத்துக்குத் தமிழ் தெரியவில்லை என்று பொருள். கட்டம் கட்டமாக வந்தால் அந்த எழுத்துரு பொதியப்படவில்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆங்கிலத்துக்கு அளவெடுத்த அட்டவணையில் ‘பராமரிப்பவர்களுக்கான’ என்பது பக்கத்துக் கட்டத்துக்குள் நுழையும். அட்டவணை அகலத்தைத் தமிழை வைத்து முடிவு செய்யுங்கள், ஆங்கிலம் தானாகப் பொருந்தும்.

படத்துக்குள் எழுத்து வேண்டாம். கோட்டோவியத்தில் 1, 2, 3 என்று எண் மட்டும், பெயர்கள் கீழே அட்டவணையில். எஸ்விஜி என்ற பட வடிவில் ஒரே படம் 3 மொழிக்கும் போதும்.

‘மேலே உள்ள படம்’, ‘அடுத்த அத்தியாயம்’, ‘முன்பு சொன்னபடி’ இவற்றையெல்லாம் இப்போதே வேர்டில் தேடி எடுத்துவிடுங்கள். தலைப்பு இடம் மாறினால் மேலே என்பது கீழே ஆகிவிடும்.

கிட்டும்_கோப்பும்:
பதிப்புக் கணக்கு பற்றி யாரும் சொல்லவில்லை. நீர்மூழ்கி பம்பு பல ஆண்டுகள் போர்வெல்லுக்குள் இருக்கும். பழைய வரிசை எண்ணுக்கு அன்றைக்குக் கொடுத்த கையேடு அப்படியே எடுக்கக் கிடைக்க வேண்டும். கிட்டில் ஒரு டேக் (அன்றைய நிலைக்கு ஒரு பெயர்) போட்டால் போதும். கூறுமுறை மென்பொருளில் இது எப்படி?

குறிச்சொல்:
முக்கியமான கேள்வி. அங்கே பேஸ்லைன் என்பார்கள். வெளியிடும் நாளில் வரைபடமும் (கையேட்டின் தலைப்புகளை வரிசைப்படுத்தும் கோப்பு) அதிலுள்ள ஒவ்வொரு தலைப்பும் படமும் எந்தத் திருத்த எண்ணில் இருந்தன என்று உறைய வைப்பது. அதைச் செய்யாமல் ‘எப்போதும் கடைசித் திருத்தம்’ என்று விட்டுவிட்டால் பழைய மாடலின் கையேட்டை மறுபடி எடுக்கும்போது புது கெப்பாசிட்டர் அளவு அதில் வந்து உட்காரும். கிடங்குக் கோப்புகளும் பேஸ்லைனில் சேர்ந்திருக்கின்றனவா என்று தனியாகச் சோதியுங்கள், விடுபடுவது பெரும்பாலும் அவைதான். வெளியிட்ட பிடிஎஃப்பையும் தனியே சேமியுங்கள்.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி இருந்தால் இது சட்டக் கடமை. 2006/42 என்ற இயந்திர உத்தரவின்படி தொழில்நுட்பக் கோப்பை, கடைசி இயந்திரம் தயாரான நாளிலிருந்து குறைந்தது 10 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கையேட்டின் பிரதியும் அதில் அடக்கம். அந்த உத்தரவின் இடத்துக்கு 2023/1230 ஒழுங்குமுறை 2027 ஜனவரி 20 முதல் வருகிறது.

பம்புக்கையேடு:
மிக்க நன்றி எல்லோருக்கும். மென்பொருள் தேர்வில் விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்? 40 மாடலையும் ஒரே வீச்சில் மாற்றலாமா?

குறிச்சொல்:
ஒரே வீச்சில் வேண்டாம். உற்பத்தி நின்ற, இனி அச்சிடப்போகாத மாடல்கள் பிடிஎஃப்பாகவே இருக்கட்டும். மீதியில் அதிகம் விற்கும் ஒரு குடும்பம், அதில் ஒரு மாடல். அந்த வேர்டு கோப்பில் முதலில் ஸ்டைல்களைச் சரிசெய்யுங்கள். தடித்த எழுத்தில் போட்ட போலித் தலைப்பும், கையால் அடித்த 1, 2, 3-ம், வேர்டை டிட்டாவாக்கும் மாற்றியில் சாதாரணப் பத்தியாகத்தான் விழும். மாற்றி, 3 மொழியிலும் வெளியிட்டு, பழைய பிடிஎஃப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டு, சர்வீஸ் ஆட்களிடம் கொடுத்துப் பார்த்த பிறகே இரண்டாவது மாடல்.

விற்பவர் காட்டும் மாதிரிக் கோப்பைப் பார்க்காதீர்கள். உங்கள் 30 பக்கத்தைக் கொடுத்து அதில் செய்யச் சொல்லுங்கள். ஓர் எச்சரிக்கையைக் காட்டி, இது எந்தெந்தக் கையேட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். பட்டியல் உடனே வர வேண்டும். அதை நீக்க முயலுங்கள், மென்பொருள் தடுக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கொடுக்கச் சொல்லி, வேறொரு எடிட்டரில் திறந்து பாருங்கள். இணைப்புகள் உடைந்திருந்தால், படங்களின் பெயர் வெறும் எண்ணாக மாறியிருந்தால், நாளைக்கு நீங்கள் வெளியேற முடியாது. உரிமம் பெயருக்கா, ஒரே நேரத்தில் நுழைபவர் எண்ணிக்கைக்கா என்று எழுத்தில் வாங்குங்கள். 4 எழுத்தாளருக்குப் பின்னால் எப்போதாவது நுழையும் பொறியாளர்கள் இருப்பார்கள்.

பக்கக்கட்டு:
அந்தப் பொறியாளர்கள் எக்ஸ்எம்எல்லைத் திறக்கவே மாட்டார்கள், எதிர்பார்க்கவும் கூடாது. உலாவியில் பக்கமாகத் தெரிந்து, பக்கத்தில் கருத்து எழுத இடம் இருந்தால் போதும். நிலைகள் நான்குக்கு மேல் வேண்டாம்: வரைவு, சரிபார்ப்பில், ஒப்புதல், வெளியானது. தலைப்புக்கான மேல்தகவலும் ஐந்தாறு புலம் போதும். 20 புலம் கட்டாயமாக்கினால் எல்லோரும் முதலில் வரும் மதிப்பையே தேர்ந்தெடுப்பார்கள், தேடும்போது எதுவும் கிடைக்காது.

பம்புக்கையேடு:
விரிதாளில் தொடங்குகிறேன். ‘கேபிள் ஜாயின்ட் போடுதல்’ 5 மாடலிலும் ஒன்றுதான், கேபிள் தடிமன் மட்டும் மாறுகிறது. இது ‘ஒன்றே’யா, ‘ஏறத்தாழ ஒன்று’ஆ?

மொழிமேசை:
‘ஒன்றே’ என்று குறியுங்கள். தடிமனைப் படிக்குள் எழுதாதீர்கள், ‘அட்டவணையில் உங்கள் மாடலுக்கு நேராக உள்ள கேபிளை எடுக்கவும்’ என்று எழுதி, எண்களை ஒரு ரெஃபரன்ஸ் தலைப்பில் அட்டவணையாக வையுங்கள். எண் மாறினால் செய்முறையைத் திறக்க வேண்டாம், தமிழுக்கும் இந்திக்கும் மறுபடி அனுப்பவும் வேண்டாம்.